வேலிகாத்தானை அகற்றித் துரிஞ்சிக் காட்டை மீட்கும் முறை

ஜவ்வாது மலையடிவாரத்தில், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து ஊர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் பலரிடம் ஏர் ஓட்ட முடியாத ஒரு கல்மேடு இருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு அந்த மேட்டில் அரப்பு மரமான துரிஞ்சியும் வெள்வேலும் வெப்பாலையும் காரையும் சூரையும் கலந்து நின்றன. ஆடு மேய்ந்தது, விறகு கிடைத்தது, சித்திரை வெயிலிலும் ஓரளவு நிழல் இருந்தது. இன்று அதே மேட்டில் மனிதர் நுழைய முடியாதபடி, சீமைக்கருவேலம் என்றும் அழைக்கப்படும் வேலிகாத்தான் மண்டியிருக்கிறது. அதன் ஓரமெல்லாம் உண்ணிச்செடி என்னும் லண்டானாவும், வெளிச்சம் விழும் இடமெல்லாம் பார்த்தீனியமும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் உள்ள ஒன்று முதல் ஐந்து ஏக்கர் வரையிலான துண்டு நிலத்தை, பெரிய செலவின்றி, வீட்டாரும் இரண்டு மூன்று ஆட்களும் சேர்ந்து மீட்பதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

வேலை தொடங்குவதற்கு முன் நிலம் யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கீழே சொல்பவை பட்டா நிலத்துக்கே பொருந்தும். ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு ஆகியவற்றில் கைவைக்க ஊராட்சியின் ஒப்புதலும் வருவாய்த் துறையின் அனுமதியும் வேண்டும். காப்புக்காட்டின் எல்லைக்குள் ஒரு கிளையைக் கூட வனத்துறையைக் கேட்காமல் வெட்டக் கூடாது. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு, ஊடுருவும் அயல்தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டிருப்பதால், முறையாக எழுதிக் கேட்பவர்களை அதிகாரிகள் இப்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு பருவம் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இந்தப் பகுதியையே வையுங்கள். பெரும்பாலானவர்கள் முதல் நாளே பொக்லைன் இயந்திரத்தை இறக்கிவிடுகிறார்கள். நானும் எங்கள் மேட்டின் கீழ்ப்பாதியில் அப்படித்தான் செய்தேன். இரண்டு நாளில் நிலம் வழுக்கையானது. ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்து ஓடையில் சேர்ந்தது. தை மாதத்தில் அந்தப் பாதி முழுவதும் இடுப்பளவு பார்த்தீனியம் நின்றது. மேல்பாதியில் இயந்திரம் ஏற முடியாததால் அது தப்பியது. அங்கே ஆடு மேய்க்க வந்த ஒரு பாட்டி, நான் வெட்டுவதற்காகச் சுண்ணாம்புக் குறி போட்டு வைத்திருந்த முழங்கால் உயரப் புதர் ஒன்றைக் காட்டி, “இது வேலிகாத்தான் இல்லப்பா, துரிஞ்சி. முள்ளு கீதா பாரு. ஆடு கடிச்சிக் கடிச்சி இப்படி ஆயிடிச்சி” என்றார். குனிந்து பார்த்தபோது அந்தப் புதரின் அடியில் என் தொடையளவு பருத்த ஒரு பழைய அடிக்கட்டை இருந்தது. மேலே இரண்டடி உயரமே இருந்தாலும், கீழே பல பத்தாண்டுகள் ஊன்றிய வேர் உயிரோடு இருந்தது. அப்படிப்பட்ட கட்டைகள் அந்த மேட்டில் ஒன்றிரண்டல்ல.

இந்த வேர்களே நம்முடைய கைமுதல். வாங்கி நடும் கன்று எதுவும் இவற்றின் வேகத்தில் வளராது. ஆகவே ஆடி, ஆவணியில் பெய்யும் முதல் மழைகளுக்குப் பிறகு, துளிர் தெளிவாகத் தெரியும் நாட்களில், நிலத்தைக் கோடு கோடாக நடந்து, காக்க வேண்டிய ஒவ்வொரு செடியிலும் ஒரு வெள்ளைத் துணியைக் கட்ட வேண்டும். குறி, காக்க வேண்டியவற்றுக்கே போடப்பட வேண்டும்; வெட்ட வேண்டியவற்றுக்குக் குறி போட்டால், வேலை மும்முரத்தில் குறியில்லாததும் சேர்ந்து விழும். ஊரில் ஆடு மாடு மேய்த்த வயதானவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு மரத்தின் பெயர் இலையிலும் தெரியும், பட்டையிலும் தெரியும், ஆடு எதைக் கடிக்கும் எதை ஒதுக்கும் என்பதிலும் தெரியும்.

முள்ளுள்ள மரங்களில்தான் குழப்பம் அதிகம். வேலிகாத்தானின் கிளை கணுவுக்குக் கணு சற்றே வளைந்து செல்லும். கணுவில் தடித்த முட்கள் பெரும்பாலும் இரட்டையாக நிற்கும். பூ விரல் நீளத்தில் வெளிர்மஞ்சள் கதிராகத் தொங்கும். காய் வைக்கோல் நிறத்தில், ஒரு சாண் வரை நீண்டு, சற்று வளைந்து, கடித்தால் இனிக்கும். கருவேலத்தின் பூவோ அடர்மஞ்சள் உருண்டை. அதன் காய் சாம்பல் பூத்த நிறத்தில், விதைக்கு விதை இடுங்கி, மணிகளைக் கோத்ததுபோல் இருக்கும். வெள்வேலை அதன் வெளிறிய பட்டையிலும், கிளை நுனியில் பெருங்கொத்தாக வரும் வெளிர்நிறப் பூவுருண்டைகளிலும் கண்டுகொள்ளலாம். வன்னி, வேலிகாத்தானுக்கு நெருங்கிய உறவு என்பதால் இலையும் பூவும் ஏமாற்றும். ஆனால் வன்னியின் குட்டை முட்கள் கணுவில் மட்டும் நில்லாமல் கிளையின் நீளம் முழுவதும் சிதறியிருக்கும். கோயில்களில் தலமரமாக வணங்கப்படும் அந்த மரத்தை, அடையாளம் தெரியாமல் வேலிகாத்தானோடு சேர்த்து வெட்டுவது பெரும் இழப்பு.

துரிஞ்சிக்கு முள் கிடையாது. தென்மாவட்டங்களில் உசில் என்று அழைக்கப்படுவதும், இலையை உலர்த்திப் பொடித்து அரப்பு என்று தலைக்குத் தேய்ப்பதும் இதைத்தான். மிக நுண்ணிய சிற்றிலைகளும், காகிதம் போல் மெலிந்த தட்டைக் காயும் இதன் அடையாளங்கள். கிள்ளினால் பால் வடிவது வெப்பாலை. ஒரே காம்பில் இரண்டு சிற்றிலைகள் அடியில் ஒட்டி மாட்டுக் குளம்பு போல் விரிந்திருந்தால் அது ஆச்சா. காரை, சூரை, கிளுவை, ஆவாரை, விராலி, நொச்சி ஆகிய புதர்களுக்கும் துணி கட்ட மறக்க வேண்டாம். மரம் மட்டுமே காடு என்று நினைப்பவர்கள் இவற்றைக் களை என்று அள்ளிவிடுகிறார்கள். வடார்க்காட்டின் கல்மேடுகளில் இயல்பான காடு என்பது இந்தப் புதர்களும் இடையிடையே புல்லும் ஆங்காங்கே மரமும் கலந்ததுதான்.

அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு மரத்தைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. கொடுக்காப்புளி நடு அமெரிக்காவிலிருந்து வந்ததே. அது வேலியோரத்தில் நின்று கிளிக்கும் பிள்ளைக்கும் பழம் கொடுக்கிறது, பக்கத்துச் செடியை அழிப்பதில்லை. நட்ட இடத்தோடு நிற்கிறதா, தானே பரவி மற்றவற்றை மூடுகிறதா என்பதே நான் பார்க்கும் அளவுகோல். சவுண்டல் இந்த இரண்டாம் வகை; தீவனத்துக்கு வைத்திருந்தால் காய் முற்றுவதற்குள் அறுத்துவிட வேண்டும்.

நல்ல மூலையிலிருந்து தொடங்குங்கள்

துணி கட்டி முடித்த பிறகு மேட்டின் மேலிருந்து பார்த்தால், துணிகள் நெருங்கித் தெரியும் இடமும், ஒன்றுமே தெரியாத இடமும் தனித்தனியாகப் புலப்படும். வேலையை வெள்ளை நெருங்கிய இடத்தில் தொடங்கி, அங்கிருந்து வெளிப்புறமாக நகர்த்த வேண்டும். நெஞ்சு கொதிப்பது என்னவோ முழுக்க முள்ளான பகுதியைப் பார்க்கும்போதுதான். ஆனால் அங்கே தொடங்கினால் காலியாகும் இடத்தை நிரப்ப நாட்டுச் செடி எதுவும் பக்கத்தில் இருக்காது, மறுபடியும் வேலிகாத்தானே நிரப்பும். துரிஞ்சியும் காரையும் உள்ள இடத்தில் பத்து முள்மரங்களை எடுத்தால், அந்த வெளிச்சத்தை அவையே பிடித்துக்கொள்ளும். ஓர் ஆண்டில் எவ்வளவு இடத்தைப் பின்னர் தவறாமல் கண்காணிக்க முடியுமோ, அவ்வளவு இடத்தை மட்டும் திறக்க வேண்டும். எங்களால் அரை ஏக்கர் முடிந்தது.

சரிவான இடத்தில் முழுவதையும் ஒரே ஆண்டில் எடுக்கவே கூடாது. மண்ணைப் பிடித்திருப்பது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இப்போதைக்கு அந்த வேர்தான். சரிவுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக, ஒரு பட்டையை விட்டு ஒரு பட்டையாக எடுக்கலாம். பறவை கூடு வைத்திருக்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை விட்டுவையுங்கள்.

வேலிகாத்தானை வேரோடு எடுத்தல்

அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த மரம், 1870-களின் இறுதியில் விறகுக்காக வெள்ளையர் ஆட்சியில் இங்கே கொண்டுவரப்பட்டது. பின்னர் அடுப்புக்கும் வேலிக்கும் உதவும் என்று அரசே பரப்பியது. அது விறகாக உதவியதும், இன்றும் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் இருப்பதும் உண்மை. ஆகவே உங்கள் நிலத்தில் வெட்டும்போது பக்கத்து விறகுவெட்டிகளை அழைத்து, மரத்தை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும், வேரை மட்டும் நாம் சொல்லும் முறையில் தோண்டித் தரட்டும் என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

தரைமட்டத்தில் வெட்டினால் இந்த மரம் சாகாது. தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருப்பதால், ஒரு தண்டை வெட்டினால் ஓர் ஆண்டில் எட்டுப் பத்துத் தண்டுகளாகப் புதர் கட்டும். அதனால்தான் ஆண்டுதோறும் வெட்டப்படும் சாலையோர வேலிகாத்தான் ஆண்டுதோறும் அடர்கிறது. மழை பெய்து மண் இளகிய மூன்றாம் நான்காம் நாளில், முதலில் கிளைகளைக் கழித்து, பிடித்து ஆட்டுவதற்கு வசதியாக இடுப்பளவு தண்டை விட்டு மேற்பகுதியை வெட்டுங்கள். பிறகு அடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண்ணைத் தோண்டி, பக்க வேர்களைக் கோடாலியால் துண்டித்து, ஆணிவேரைத் தரையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வெட்டி, தண்டைக் கடப்பாரையால் நெம்பிச் சாய்க்க வேண்டும். அந்த ஆழத்துக்குக் கீழே தங்கும் வேர் துளிர்ப்பதில்லை. விட்டுவைத்த தண்டே நெம்புகோலாக உதவுவதால், கையளவு பருமனுள்ள மரத்தை இரண்டு பேர் சிரமமின்றி எடுத்துவிடலாம். குழியை அன்றே மூடி மிதித்துவிடுங்கள். திறந்த குழி மழையில் ஓடையாகிவிடும். பாறை இடுக்கில் தோண்ட முடியாத மரத்தை மட்டும் தரையோடு வெட்டி, மாதம் ஒருமுறை துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டிய கட்டையில் களைக்கொல்லி தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. கிணறும் ஏரியும் கீழே இருக்கும் மேட்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முழங்கால் உயரத்துக்குக் குறைந்த கன்றுகளை ஈரத்தில் கையால் பிடுங்கலாம். தோலுறையும், அடி தடித்த காலணியும் இன்றி இறங்க வேண்டாம். இந்த முள் ஆழமாகத் தைத்து உள்ளேயே ஒடிந்துவிட்டால் சீழ் பிடிக்கும்.

காயைப் பற்றி எவரும் போதிய கவலை கொள்வதில்லை. மரத்தைவிடக் காய்தான் இங்கே எதிரி. ஆடும் மாடும் இனிப்புக்காகக் காயைத் தின்ன, கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும் விதை வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடும் சாணத்தோடும் விழுந்து, எரு சுற்றியபடியே முளைக்கிறது. வேலிகாத்தான் காய் தின்ற மந்தையை மீட்கும் நிலத்துக்குள் விடாதீர்கள். பட்டி போட்ட எருவை அப்படியே இந்த நிலத்துக்குக் கொண்டுவராதீர்கள். எடுக்க முடியாத மரங்களின் அடியில், காய் பழுத்து உதிரும் நாட்களில் அவற்றைக் கூட்டி அள்ளுங்கள். காய்களை இடித்து விதையும் நொறுங்கும்படி அரைத்தால் மாட்டுத் தீவனத்தில் சிறிதளவு சேர்க்கலாம். அரைக்க வழியில்லையென்றால் எரித்துவிடலாம்.

உண்ணிச்செடி

மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும் இந்தச் செடியின் அழகில் மயங்கி வேலியில் விட்டு வைப்பவர்கள் உண்டு. இலையைத் தின்ற மாட்டுக்குக் காமாலை கண்டு, வெயில் படும் இடத்தில் தோல் வெடிப்பதைப் பார்த்தவர்கள் அப்படி விடமாட்டார்கள். கோடையில் காய்ந்த உண்ணிப் புதர் தரையில் ஓடும் தீயை மரத்தின் தலைக்கு ஏற்றிவிடும் ஏணியாகவும் ஆகிறது.

இதற்கு மண்வெட்டியால் ஆழமாகக் கொத்துவது வீண். அப்படிக் கிளறிய மண்ணில் புதைந்திருக்கும் விதைகள் எல்லாம் முளைத்துவிடும். தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த முறை எளியது: செடியின் அடியில் தண்டும் வேரும் கூடும் முடிச்சைக் கண்டறிந்து, அதற்கு மூன்று நான்கு விரற்கடை கீழே, மண்ணை அதிகம் கலைக்காமல், கூர்மையான களைக்கொத்தால் வேரை ஒரே வெட்டில் துண்டித்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். துளிர்விடும் மொட்டுகள் அனைத்தும் அந்த முடிச்சில் இருப்பதால் மண்ணில் எஞ்சிய வேர் மீண்டும் தழைக்காது. வேர் வானம் பார்த்து நிற்பதால் புதரும் மண்ணைத் தொட்டுப் பிழைக்காது. கறுத்துப் பழுத்த பழம் தொங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவியும் மைனாவும் எங்கே உட்காருமோ அங்கேதான் அடுத்த ஆண்டு உண்ணி முளைக்கும். ஆகவே இரண்டாம் ஆண்டில் நிலம் முழுவதையும் துழாவாமல், பெரிய மரங்களின் நிழல் வட்டத்தையும் மின்கம்பிகளின் அடியையும் பார்த்தால் போதும். பெரும்பாலான நாற்றுகள் அங்கேயே கிடைக்கும்.

பார்த்தீனியத்தைப் பூ வருமுன், ஈரத்தில், வேரோடு பிடுங்குவது ஒன்றே வழி. வெறும் கையால் தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் வரும் என்பதால் கையுறையும் மூக்குத் துணியும் கட்டாயம். பூத்துவிட்ட செடியைக் குப்பைக்குழியில் போடாதீர்கள், விதை எருவோடு வயலுக்குப் போகும். 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட மெக்சிகோ வண்டு இந்தச் செடியின் இலையை அரித்துத் தின்கிறது. மழைக்காலத்தில் உங்கள் நிலத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும் வெளிர்நிறச் சிறுவண்டைப் பார்த்தால் மருந்து அடித்துக் கொன்றுவிடாதீர்கள். தகரைச் செடி அடர்ந்து முளைக்கும் இடத்தில் பார்த்தீனியம் தலையெடுப்பதில்லை. அதன் விதையைச் சேகரித்துக் கோடையிலேயே தூவிவைக்கலாம்.

திரும்ப வருபவையும் நடவேண்டியவையும்

முள் விலகிய முதல் ஆண்டில் துரிஞ்சிக் கட்டைகள் பத்துப் பதினைந்து தளிர்களை விடும். அவற்றில் நேராகவும் தடிப்பாகவும் உள்ள ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றை மார்கழியில் அரிந்துவிட்டால், மூன்றாம் ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டும். ஆடு எட்டாத உயரம் வரும்வரை காவல் வேண்டும். அதற்கு வெட்டிப்போட்ட வேலிகாத்தான் கிளையே உதவும். காய் இல்லாத கிளைகளாகத் தேர்ந்து, ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் வட்டமாக அடுக்குங்கள். அந்த முள் வளையத்துக்குள் நாம் நடாத வேம்பும் வெப்பாலையும் கூடத் தாமாக முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெற்றிடமாகவே இருக்கும் பகுதிக்கு மட்டும் கன்று தேவைப்படும். ஆவணி முதல் ஐப்பசிக்குள் நட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதற்குக் கிடைக்கும். ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழியெடுத்து, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, பையின் அடியில் சுருண்டிருக்கும் வேரை நறுக்கிவிட்டு நட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறை வடிவில் சிறு கரை போட வேண்டும். ஆறடிக் கன்றைவிட ஒன்றரை அடிக் கன்று நம் வெயிலில் நன்றாகப் பிழைக்கிறது. பதினைந்து அடிக்கு ஒன்று போதும். பாறையும் புல்லும் உள்ள இடத்தை அப்படியே விடுங்கள்.

எதை நடுவது என்பதை மண்ணே சொல்லும். கல்மேட்டுக்குத் துரிஞ்சி, ஆச்சா, வெள்வேல், வெப்பாலை, சரக்கொன்றை, மண் ஆழமான அடிவாரத்துக்கு வேம்பு, வாகை, இலுப்பை, விளா, ஓடையோரத்துக்கு நீர்மருது, புங்கன், நாவல், கரைக்குப் பனை. ஜவ்வாது மலையின் பெயரோடு ஒட்டிய சந்தனத்தையும் வைக்கலாம், ஆனால் அது பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உணவு உறிஞ்சும் மரம் என்பதால், குழியிலேயே ஒரு துவரையும், அருகில் ஒரு துரிஞ்சியோ வேம்போ இருக்க வேண்டும். வளர்ந்தபின் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும்.

விதையாக ஊன்றுவது மலிவும் உறுதியும் ஆகும். வேப்பவிதை உதிர்ந்த சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடுவதால் ஆனி, ஆடியில் பொறுக்கி உடனே ஊன்ற வேண்டும், நாவலும் அப்படியே. துரிஞ்சி விதையின் தோல் கெட்டி என்பதால், கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓரிரவு ஊறவிட்டு, உப்பியவற்றை எடுத்து ஊன்றலாம். சரக்கொன்றை விதையைக் கரடான கல்லில் ஒரு பக்கம் தேய்த்துவிட்டால் நீர் உள்ளே போகும்.

பின்தொடர்தல்

மண்ணில் கிடக்கும் வேலிகாத்தான் விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஆகவே முதல் ஆண்டில், மழை பெய்யும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் மாதம் ஒருமுறையும் திறந்த இடத்தை நடந்து பார்த்து, இரண்டு இலை விட்ட நாற்றையும் பிடுங்க வேண்டும். ஒரு சாண் உயரத்தில் இரண்டு விரலால் வரும் செடி, அடுத்த ஆடிக்குள் கடப்பாரை கேட்கும். வெட்டிய குப்பையை அந்த இடத்திலேயே கொளுத்தாதீர்கள். சூட்டில் நாட்டுச் செடிகளின் விதையும் துரிஞ்சித் தளிரும் கருகி, பார்த்தீனியத்துக்குச் சுத்தமான பாத்தி கிடைத்துவிடும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டால் அது மண்ணைத் தடுத்து, இரண்டு ஆண்டில் மக்கும்.

துணிகள் வெயிலில் நைந்துவிடும். ஒவ்வோர் ஆடியிலும் புதிதாகக் கட்டுங்கள். அப்போதே எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் மேல்பாதியில் முதல் ஆண்டு நாற்பத்தொரு துணி கட்டினோம். நான்காம் ஆண்டு துணி போதாமல் பழைய வேட்டி ஒன்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. எண்ணிக்கை ஏறாமல் நின்றுவிட்ட ஆண்டில் புதிய இடத்தைத் திறக்காமல், பழைய இடத்தில் ஆடு எங்கே நுழைகிறது என்று முதலில் பாருங்கள்.